கணக்கோலையின் கட்டும் மேகத்தின் சாவியும்

பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கு நோக்கிச் செல்வோர் சிறுசேரி சிப்காட் வளாகத்தை ஒட்டிச் சன்னல்கள் மிகக் குறைந்த பெருங்கட்டடங்கள் சிலவற்றைக் காணலாம். உள்ளே மனித நடமாட்டம் குறைவு. வழங்கிகள் எனப்படும் கணினிகள் அடுக்கடுக்காக நின்று, இடையறாத குளிரூட்டலில் இரவும் பகலும் இயங்குகின்றன. வங்கியில் நாம் வைத்திருக்கும் இருப்பு, மருத்துவமனையில் எடுத்த குருதிப் பரிசோதனையின் முடிவு, காப்பீட்டு விண்ணப்பத்தில் எழுதிய குடும்ப நோய்கள் எல்லாம் இத்தகைய கூடங்களில்தாம் உறைகின்றன. இதற்குக் கணினித்துறையினர் 'கிளவுட்' என்று பெயரிட்டார்கள். தமிழில் மேகக் கணிமை என்றோம். பொருந்தாப் பெயர் என்பதே நம் கருத்து. மண்ணில் ஆழக் காலூன்றி, மின்சாரத்தையும் நீரையும் பெருமளவில் உண்டு, கடலடி வடங்களால் உலகோடு கட்டுண்டு கிடக்கும் ஒன்றை மேகம் என்பது மங்கல வழக்கில் சேருமா, இடக்கரடக்கலில் சேருமா என்று இலக்கண ஆசிரியர்கள்தாம் சொல்ல வேண்டும்.

இம்மேகத்தைப் பற்றிய முதன்மையான கேள்வி எளியது. ஒரு வங்கி தன் வாடிக்கையாளரின் மறைவான செய்திகளைத் தன் வீட்டில் வைக்காமல் வேறொரு நிறுவனத்தின் வீட்டில் வைக்கிறது. அந்த வீட்டுக்காரர் அவற்றைப் படித்துவிடாமல் இருக்க என்ன வழி? வங்கியின் ஊழியரே கள்ளத்தனமாகப் படித்தால்? படித்ததோடு நில்லாமல் ஓர் எழுத்தை மாற்றினால்? இவை ஏதோ இருபத்தோராம் நூற்றாண்டில் முளைத்த கேள்விகள் என்று எண்ணுவோர் உண்டு. நம்மைப் பற்றிய செய்தியைப் பிறர் எழுதி, பிறர் வீட்டில் வைத்து, பிறர் திறந்து பார்ப்பது செங்கல்பட்டுச் சீமைக்குப் புதிதன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளாவது அதற்குச் சான்று உண்டு.

உத்திரமேரூரிலிருந்து தொடங்குவோம். இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் அவ்வூர் நெடுங்காலம் செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும், பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகளைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் குறைவு. குடவோலை முறையை மக்களாட்சியின் முன்னோடி என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவோர் அது பிராமணர் சபை என்பதையும், காணியும் சொந்த மனையும் மறைப் பயிற்சியும் உடைய ஆடவருக்கே இடமளித்தது என்பதையும் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். அந்த வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். ஆவணக் காப்பு என்ற கண்ணோடு படித்தால் அக்கல்வெட்டுகள் வேறொரு சுவையைத் தருகின்றன.

முப்பது குடும்புகளில் ஒவ்வொன்றிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதி, குடும்புக்கு ஒரு கட்டாகக் கட்டி, கட்டின்மேல் இன்ன குடும்பினது என்று வாயோலை பூட்டிக் குடத்தில் இடுகிறார்கள். இளையோரும் முதியோருமாகச் சபை நிறைந்திருக்க, அன்று ஊரிலுள்ள நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் நடுவே அமர்ந்திருக்க, அவருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கி நிற்கிறார். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுக்கிறான். அக்கட்டை அவிழ்த்து வேறு குடத்திலிட்டுக் குலுக்கி, அச்சிறுவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலேயே அதை ஏற்க வேண்டும். வாசிக்க வேண்டும். அவன் வாசித்ததை அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். அதன் பிறகே பெயர் ஏற்கப்படும்.

அந்த விரிந்த ஐந்து விரல்களில்தான் நம் மனம் நிற்கிறது. மூடிய கைக்குள் ஓலை மாறக்கூடும் என்று யாரோ ஒருவர் என்றோ பட்டறிந்திருக்கிறார். அந்த அறிவைக் கல்லில் எழுதி வைத்தார்கள். எழுதுபவன் வேறு, எடுப்பவன் வேறு, படிப்பவன் வேறு, சரிபார்ப்போர் வேறு. எடுப்பவனுக்கு எழுத்தின் பொருள் தெரியாது; பொருள் தெரிந்தவனுக்கு எடுக்கும் உரிமை இல்லை. இன்றைய தரவுத்தளப் பாதுகாப்பில் பணிப் பிரிவினை என்று பேசப்படுவதன் உயிர்நாடி இதுவே. தரவுத்தளத்தை நிருவகிப்பவர் கையில் அதைத் திறக்கும் சாவி இருக்கலாகாது. சாவியைக் காப்பவருக்குத் தரவுத்தளத்தில் வேலை இருக்கலாகாது. இருவரும் என்ன செய்தார்கள் என்ற நாட்குறிப்பை இருவருமே திருத்த முடியாத மூன்றாம் இடத்தில் வைக்க வேண்டும்.

கணக்கெழுதுவோனைப் பற்றியும் அதே கல்வெட்டு பேசுகிறது. நேர்வழியில் பொருள் ஈட்டியவர்களே ஊர்க்கணக்கை எழுத வேண்டும். எழுதியவன் தன் காலத்துக் கணக்கைப் பெருமக்களிடம் காட்டித் தூயவன் எனப்பட்ட பிறகன்றி மீண்டும் அப்பணிக்கு வரக்கூடாது. தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். வேறொரு கணக்கனைக் கொண்டு அதை முடித்துவைக்கக் கூடாது. உத்திரமேரூரின் மற்றொரு சாசனம் கணக்கைக் காட்டும்போது கணக்கன் பழுக்கக் காய்ச்சிய மழுவைக் கையில் ஏந்த வேண்டும் என்றுகூடச் சொல்கிறது. மழுவைப் பரிந்துரைக்க நமக்கு விருப்பமில்லை. ஆயினும் யார் எழுதினாரோ அவர் பெயரிலேயே பொறுப்பு நிற்க வேண்டும் என்ற எண்ணம், ஒரே கடவுச்சொல்லை அலுவலகமே பகிர்ந்துகொள்ளும் நம் காலத்தில் கவனிக்கத்தக்கது.

சபையில் இருந்தது அரசிலும் இருந்தது. சோழர் செப்பேடுகளைப் படிப்போர் தொடக்கத்தில் சலிப்படையும் பகுதி ஒன்று உண்டு. அரசன் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டவன் திருவாய்க்கேள்வி. அதை எழுதியவன் திருமந்திர ஓலை. எழுதியதை ஒப்பிட்டவன் திருமந்திர ஓலை நாயகம். பிறகு புரவுவரித் திணைக்களத்தார், கண்காணி, வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை என்று பட்டியல் நீளும், பெரும்பாலும் ஆட்பெயர்களோடு. திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் ஆனைமங்கலச் செப்பேட்டிலும் இதைக் காணலாம். ஓர் ஊரின் வரிநிலையை மாற்றும் ஒரே ஆணை இத்தனை கைகளைக் கடந்து 'வரியிலிட்டு' முடிகிறது. எந்தக் கை தவறினாலும் அடுத்த கைக்குத் தெரியும். ஏடுகளைக் கோத்த வளையத்தின் இரு முனையும் அரச முத்திரைக்குள் புதைந்திருக்கும். வளையத்தை அறுக்காமல் ஒரு பொய்யேட்டைச் செருகவோ மெய்யேட்டை உருவவோ இயலாது. இங்கே ஒன்று தெளிவாகிறது. செப்பேட்டின் முத்திரை எதையும் மறைக்கவில்லை. மாற்றப்படாமல் காத்தது, அவ்வளவே.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலக் கல்வெட்டு ஒன்று, நகரத்தார் தமக்குள் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். ஊர் நிலத்தை நான்கு பங்காக்குவதும், நிலமில்லாத வணிகரும் கூலியாட்களும் எவ்வளவு பொன் செலுத்த வேண்டும் என்பதும் அதில் எழுதப்பட்டன. யாருக்கு நிலம் இல்லை என்பது இன்றைக்கு அந்தரங்கச் செய்தி; அன்று அது கோயில் சுவருக்கு உரியது. ஊரறிய எழுதியதால் ஒருவன் மேல் உரியதற்கு மிகுதியாக வரி சுமத்த முடியாது. கல்லில் எழுதியது கோயிலோடு அழியக்கூடும் என்பதையும் அறிந்திருந்தார்கள். திருமழபாடியில் விமானத்தைப் பிரித்துக் கட்டுமுன் அங்கிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துவைக்க ராஜராஜன் ஆணையிட்டதும், அவை அவன் மகன் காலத்தில் மீண்டும் பொறிக்கப்பட்டதும் காப்புப்படி என்ற எண்ணத்திற்கு நம் மண்ணில் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று.

ஊரறியும் கல்லிலிருந்து ஒருவன் மட்டும் அறியும் ஓலைக்கு எப்போது வந்து சேர்ந்தோம் என்பதை ஒரே ஆண்டில் அடைத்துச் சொல்ல முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டில் கும்பினியார் செங்கல்பட்டுக்கு வந்தபோது ஊரின் அறிவெல்லாம் கணக்குப்பிள்ளையின் வீட்டுப் பரணில் இருந்தது. 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி இச்சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கொடுத்த நிலத்தில் என்ன விளைகிறது, யாருக்கு எவ்வளவு போகிறது என்பது புதிய உடைமையாளருக்குத் தெரியாது. ஆகவே தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை அனுப்பி 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார்கள். அளந்தது நிலத்தை மட்டுமன்று. ஊர்க் கணக்குப்பிள்ளைகளைக் கொண்டே ஓலையில் எழுதி வாங்கிய விவரங்களின் விரிவு நம்மைத் திகைக்க வைக்கிறது. வீடுகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் இருப்போர் எந்தச் சாதி, என்ன தொழில், ஏரி, குட்டை, தோப்பு, நஞ்சை, புஞ்சை, மானியம் யாருக்கு, எவ்வளவு, அண்மைய ஆண்டுகளின் விளைச்சல், அந்த விளைச்சலிலிருந்து களத்திலேயே கோயிலுக்கும் ஊர்க் கைவினைஞருக்கும் காவலுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் எடுத்துவைத்த பங்குகள்.

அவ்வோலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இன்றும் உள்ளது. தரம்பாலின் ஊக்கத்தால் இவற்றைத் தேடிச் சென்ற சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தார் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் ஓலைக் கணக்குகளைப் படித்து 2001இல் நூலாக வெளியிட்டார்கள். சிறுசேரித் தரவு மையங்களுக்குச் சில கல் தெற்கே இருக்கும் அதே திருப்போரூர்தான். ஊரின் மொத்த வாழ்வையும் எண்ணாக்கிய ஒரு தரவுத்தளம் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இருந்தது. வண்ணாருக்கும் நாவிதருக்கும் குயவருக்கும் வெட்டியானுக்கும் களத்தில் உரிமைப் பங்கு இருந்ததை எழுதிய அவ்வரிகளை ஒரு புதினத்தைப் போல நாம் படிக்கிறோம். ஆயினும் அது யாருக்காக எழுதப்பட்டது என்பதை மறக்கலாகாது. வாங்கியவருக்கு வேண்டியது வரியின் உச்சவரம்பு.

கணக்குப்பிள்ளைகள் மெய்க்கணக்கை மறைக்கிறார்கள், இரட்டைக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பது கும்பினி அதிகாரிகளின் ஓயாத முறையீடு. மறைக்கத்தான் செய்தார்கள். அதற்குத் தனிக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. முந்திரியும் காணியும் மாவுமாக நுணுகிச் செல்லும் கீழ்வாய் இலக்கக் குறிகள், புள்ளியிடாத ஓலை எழுத்து, சுருக்கக் குறியீடுகள், ஊருக்கு ஊர் மாறும் அளவுகள். பயிற்சியில்லாதவன் கையில் அந்த ஓலை வெறும் கீறல். நம் இலக்கண நூலார் குழூஉக்குறி என்ற ஒன்றை வகுத்திருக்கிறார்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும் வழங்கியதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். ஒரு குழு தன் பொருளைப் பிறரிடமிருந்து காக்கச் சொல்லை மாற்றிக்கொள்வதே மறையாக்கத்தின் முதல் படி. அதன் வலுவின்மையும் அங்கேயே இருக்கிறது. குழுவில் ஒருவன் சொல்லிவிட்டால் குறி முழுதும் போயிற்று. கணக்குப்பிள்ளையின் மறைப்பு அத்தகையது. எழுத்து விளங்காமை ஒரு பூட்டாகுமே தவிர நல்ல பூட்டாகாது. பர்னார்டுக்கு ஓலையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய தேவையே எழவில்லை. படிக்கத் தெரிந்தவன் அவர் முன் வந்து அமர்ந்தால் போதும்.

1794இல் ஜாகீரின் ஆட்சியராக வந்த லயோனல் பிளேஸ் இந்த அறிவைக் கைக்கொள்ள முனைந்தவர்களுள் மிகக் கடுமையானவர். மிராசுதாரர்களோடு அவர் நடத்திய போராட்டத்தையும், அவர்கள் ஊரைவிட்டு வெளியேறி எதிர்ப்புக் காட்டியதையும் யூஜின் இர்ஷிக் தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நாம் இங்கே கடந்து செல்லலாம். 1802இன் 29ஆம் ஒழுங்குமுறை கர்ணங்களின் கடமைகளையும் அவர்கள் பேண வேண்டிய பதிவேடுகளையும் வரையறுத்தது. ஊரின் ஆளாக இருந்தவனைக் கணக்கைப் பொறுத்தவரை அரசின் ஆளாக்கும் முயற்சி அது. இதற்கிடையில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை என்பதே நமக்கு உறுத்துவது. ஓலையில் எழுதப்பட்ட உழவருக்கும் கைவினைஞருக்கும் தம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் உரிமை கணக்குப்பிள்ளையின் பரணிலும் இல்லை, கும்பினியின் கச்சேரியிலும் இல்லை. சாவி கை மாறியது. பூட்டு அவர்களைப் பொறுத்தவரை அப்படியே இருந்தது.

அதன் விளைவை 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையில் காண்கிறோம். செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றிய அக்குறிப்பு, நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் குடியிருக்கும் மனைக்குக்கூட உரிமையற்றுக் கிடப்பதை அரசின் முன் வைத்தது. 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணையைப் பிறப்பித்தது. பஞ்சமி நிலம் என்று பின்னர் பெயர் பெற்றது இதுதான். பத்தாண்டுக் காலம் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு அன்றிப் பிறருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை எழுதப்பட்டது பதிவேட்டில். பதிவேடு இருந்தது கர்ணத்தின் வீட்டில். கர்ணமோ பெரும்பாலும் ஊரின் மேல்சாதிக்காரர். அடுத்த நூறாண்டில் அந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறிய கதைக்கு வன்முறையும் கடனும் வஞ்சகமும் எனக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தன் நிலம் தன் பெயரில்தான் இருக்கிறதா என்று பார்க்க முடியாதவனுக்கு அது எந்த நாளில் தன் பெயரிலிருந்து நீங்கியது என்பது தெரியவே தெரியாது.

மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் 1994இல் அம்மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்தார்கள். அங்கே நிறுவிய அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10ஆம் நாள் நீதி கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். தரவுப் பாதுகாப்பைப் பற்றிய கட்டுரையில் துப்பாக்கிச்சூடு எங்கே வந்தது என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு பதிவேட்டில் உள்ளது மாறாமல் இருப்பதும், மாறினால் யார் மாற்றினார் என்று தெரிவதும், உரியவன் அதைப் பார்க்க முடிவதும் பாதுகாப்பின் பகுதி இல்லையென்றால், நாம் அந்தச் சொல்லை மறைப்பு என்ற ஒரே பொருளில் சுருக்கிவிடுகிறோம்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தின் மூலம் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒரே வீச்சில் ஒழித்தது. வழிவழியாக வந்த கர்ணமும் மணியமும் போய், தேர்வு பெற்ற கிராம நிருவாக அலுவலர் வந்தார். உச்ச நீதிமன்றமும் 1982இல் அச்சட்டத்தை ஏற்றது. ஏறத்தாழ அதே காலத்தில் நடந்த யுடிஆர் எனப்படும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் பதிவேடுகளைத் திருத்தி எழுதியது. 'யுடிஆர் பிழை' என்ற தொடரைப் பொருள் கேட்காமல் புரிந்துகொள்ளாத சிறு விவசாயி தமிழ்நாட்டில் இருப்பது அரிது. அந்தத் திருத்தப் பதிவேடுகளே பின்னர் 'தமிழ் நிலம்' என்ற மென்பொருளில் ஏறின. ஓலையின் தவறு தாளுக்கும், தாளின் தவறு கணினிக்கும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தன.

இனி மேகத்துக்குள் நுழைவோம். இன்றைய தரவுத்தளங்களில் மறையாக்கம் என்பது குழூஉக்குறி போன்றதன்று. முறை உலகறிந்தது, நூல்களில் அச்சிடப்பட்டது. கமுக்கமாக இருக்க வேண்டியது சாவி ஒன்றே. வாடிக்கையாளர் தரவை ஒரு சாவியால் பூட்டுகிறார்கள். அச்சாவியை மற்றொரு தலைமைச் சாவியால் பூட்டி, பூட்டிய சாவியைத் தரவோடேயே வைக்கிறார்கள். தலைமைச் சாவி மட்டும் தனியான ஒரு வன்பொருள் பெட்டகத்தில் இருக்கும். அதை வெளியே எடுக்க இயலாது. எடுக்க முயன்றால் பெட்டகம் தன்னையே அழித்துக்கொள்ளும் வகையில் அமைப்பதும் உண்டு. செப்பேட்டு முத்திரையை நினைவூட்டும் ஏற்பாடு. இங்கே முடிச்சு அந்தத் தலைமைச் சாவி யாருடையது என்பதே. மேக நிறுவனத்தாரே சாவியையும் வைத்துக்கொண்டால், வீட்டுக்காரரிடமே பெட்டியையும் சாவியையும் கொடுத்துவிட்டுக் களவு போகாது என்று உறங்குவதற்கு ஒப்பாகும். வங்கி தன் சாவியைத் தானே வைத்துக்கொண்டால் மேக நிறுவனத்தாரிடம் இருப்பது வெறும் கீறல். அந்தச் சாவியை வங்கி தொலைத்துவிட்டால் தன் வாடிக்கையாளரின் தரவு தனக்கும் கீறலாகும் என்பது இதன் மறுபக்கம்.

சாவியைப் பற்றிய பாடத்தை 2019இல் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கி பெரும் விலை கொடுத்துக் கற்றது. அமேசான் மேகத்தில் அது வைத்திருந்த தரவுக்குள், முன்பு அமேசானில் பணியாற்றிய பொறியாளர் ஒருவர், சரியாக அமைக்கப்படாத தீயரண் வழியே நுழைந்தார். அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர், கனடாவில் 60 லட்சம் பேர் பாதிக்கப்பட்டனர். தரவு மறையாக்கப்பட்டேதான் இருந்தது. ஆனால் நுழைந்தவர் கைப்பற்றிய பணிநிலைக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் கொடுக்கப்பட்டிருந்தது. கேட்டவர் அந்தப் பணிநிலையில் வந்ததால் தரவு தானாகவே அவிழ்ந்து கொடுக்கப்பட்டது. மத்தியஸ்தனின் கை மூடியிருந்தது என்று உத்திரமேரூரார் சொல்லியிருப்பார்கள். அதே வங்கி மெய்யெண்ணுக்குப் பதில் பொருளற்ற மாற்றெண்ணை இட்டுவைத்திருந்த பகுதிகள் மட்டும் தப்பின. அங்கே அவிழ்ப்பதற்கு ஒன்றுமில்லை. மறுவருடம் 8 கோடி டாலர் தண்டம் விதிக்கப்பட்டது.

நமக்கு அருகில் நடந்தது 2024இல். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, டெலிகிராம் செயலியின் தானியங்கிகள் வழியே யார் கேட்டாலும் கிடைத்தன. 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தரவு தன்னிடம் உள்ளதாக ஊடுருவியவர் கூறிக்கொண்டார். தாக்குதல் நடந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டது. தன் நோயைப் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லாத மனிதர்கள் நம் வீதிகளில் இருக்கிறார்கள். கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். நோயை மாற்றிக்கொள்ள இயலுமா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் எண்ணிம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டன. தக்க பாதுகாப்பைச் செய்யத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. தன்னைப் பற்றிய தரவு என்ன இருக்கிறதென்று கேட்கவும் பிழையைத் திருத்தவும் தனிமனிதருக்கு உரிமை உண்டு. திருப்போரூர் ஓலையில் எழுதப்பட்டவருக்கு இல்லாத உரிமை அது, வரவேற்கிறோம். தண்டத்தொகை பாதிக்கப்பட்டவருக்குப் போகாமல் இந்தியத் தொகுநிதிக்குப் போகும் என்பதையும், அரசின் அமைப்புகளுக்கு விரிந்த விலக்குகள் உள்ளன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம்மை மிகவும் கவலைக்குள்ளாக்குவது அச்சட்டத்தின் 44ஆம் பிரிவில் அடங்கிய ஒரு சிறு உட்பிரிவு. அது 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்துகிறது. பொதுப்பணிக்குத் தொடர்பில்லாத தனிநபர் தகவலை மட்டுமே மறுக்கலாம் என்றும், நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கலாகாது என்றும் இருந்த வரம்புகள் நீங்கின. தனிநபர் தகவல் என்பதே மறுப்பதற்குப் போதுமான காரணமாயிற்று. பொதுநலன் கருதி வெளியிட இடமளிக்கும் வேறு பிரிவு அப்படியே இருக்கிறதென்று அரசு சொல்கிறது, இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்துவது அலுவலரின் விருப்பத்தைப் பொறுத்தது. பஞ்சமி நிலம் இன்னாரிடமிருந்து இன்னாருக்கு எந்த ஆண்டில் போயிற்று என்ற கேள்வியில் இரண்டு 'இன்னார்'களும் தனிநபர்கள். வாங்கியவரின் பெயரைக் காப்பது தரவுப் பாதுகாப்பு என்று ஓர் அலுவலர் நாளை எழுதினால், இழந்தவரின் பேரன் எதைக் கொண்டு வழக்காடுவான்? வங்கி வாடிக்கையாளரை அயலாரிடமிருந்து காக்கச் செய்த பூட்டு, நில அபகரிப்பாளரை உரியவரிடமிருந்து காக்கும் பூட்டாக மாற ஒரு சொல் போதும்.

அ-பதிவேட்டின் பகுதியைத் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து இன்று எவரும் பார்க்கலாம். செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்களுக்கும் இவ்வசதி உண்டு. இன்றைய நிலையை அது காட்டும். 1892க்கும் யுடிஆருக்கும் இடையில் அந்தப் புல எண் கடந்துவந்த கைகள் அதில் இல்லை. அவற்றை அறிய வேண்டியவர், வருவாய்த்துறைப் பதிவறையில் தூசி படிந்த பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டுக்கு மனு எழுதிக் காத்திருக்க வேண்டும்.